பேக்கரி ஓவன் அரை மணியில் தானாக அணைகிறது, முன் அடுப்பு கரி பிடிக்கிறது: எங்கே பார்ப்பது?

தேரிமணல் | செவ்வாய் இரவு 10.20

வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறேன். பன், பிரெட், பஃப்ஸ், அப்புறம் எங்கள் ஊர் மக்ரூன். இரண்டு டெக் (அடுக்கு) கேஸ் ஓவன் ஒன்று, அதன் முன்னாலேயே மூன்று பர்னர் அடுப்பு ஒன்று. பஃப்ஸ் மசாலா, பால், வடை எல்லாம் அந்த அடுப்பில்தான். இரண்டையும் நாலு வருஷத்துக்கு முன் பழசாக வாங்கினேன்.

ஒரு மாதமாக இரண்டு தொல்லை. கீழ் டெக் நன்றாகப் பிடித்து எரிகிறது, அரை மணி நேரம் ஆனதும் தானாக அணைந்துவிடுகிறது. நாப்பை அழுத்திப் பிடித்து மறுபடி பற்றவைத்தால் எரியும், கொஞ்ச நேரத்தில் திரும்ப அணையும். முன் அடுப்பில் இரண்டு பர்னர் மஞ்சளாக எரிகிறது. பால் சட்டியின் அடியைத் தொட்டால் விரலெல்லாம் கரி. ஜெட்டை (பர்னருக்குக் கேஸ் பாய்கிற சிறு துளை உள்ள பித்தளை முனை) ஊசி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து பார்த்துவிட்டேன், குறையவில்லை, கூடித்தான் போயிருக்கிறது.

போன சனிக்கிழமை நாலு ட்ரே மக்ரூன் உள்ளே இருக்கும்போது ஓவன் அணைந்துவிட்டது. நான் கடையில் இருந்ததால் கவனிக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் எல்லாம் உட்கார்ந்துபோய் அடியில் பாகு கசிந்து நிற்கிறது. முந்திரி விற்கிற விலையில் நாலு ட்ரே போனது மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

இங்கே ஒரு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "இந்த தெர்மோகப்பிள்தான் அண்ணாச்சி தொந்தரவு. அதை எடுத்துட்டு நேரா லைன் போட்டுத் தாரேன், அப்புறம் அணையவே அணையாது" என்கிறார். செய்யலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை ஸ்பேனர் | செவ்வாய் இரவு 11.05

தேரிமணல் அண்ணா, முதலில் ஒன்று. அதை எடுக்கவே எடுக்காதீங்க. இருபத்தாறு வருஷமாக ஹோட்டல் அடுப்பும் ஓவனும்தான் எனக்குப் பிழைப்பு. "அணையாத மாதிரி" லைன் போட்டுக் கொடுத்த ஓவன்களின் கதவு எங்கே போய் விழுந்தது என்று நேரில் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தெர்மோகப்பிள் என்பது இரண்டு வேறு வேறு உலோகத்தை நுனியில் சேர்த்து வைத்த கம்பி. நுனி பைலட் தீயில் (பெரிய பர்னரைப் பற்றவைக்க எப்போதும் எரிகிற குட்டித் தீ) சூடாக இருக்கும்வரை அதில் கொஞ்சூண்டு மின்சாரம் உண்டாகும். எதையும் இணைக்காமல் அளந்தால் 25, 30 மில்லிவோல்ட் காட்டும், அவ்வளவுதான். அந்தத் துளி மின்சாரம் வால்வுக்குள் ஒரு குட்டிக் காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கும், கேஸ் போகும். தீ அணைந்தால் நுனி ஆறும், காந்தம் விட்டுவிடும், ஒரு நிமிஷத்துக்குள் கேஸ் அடைபடும். நாப்பைப் பத்து இருபது விநாடி அழுத்திப் பிடிக்கச் சொல்வது அந்த நுனி சூடாவதற்குத்தான்.

அதை எடுத்துவிட்டால் தீ அணைந்த பிறகும் கேஸ் வந்துகொண்டே இருக்கும். எல்பிஜி காற்றைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கனம். மேலே போகாது, ஓவன் அடியிலும் தரையிலும் தண்ணீர் மாதிரி தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். நீங்கள் கடையில் இருந்த அன்றைக்கு அந்த தெர்மோகப்பிள் இல்லாமல் இருந்து, யாராவது திரும்ப லைட்டரைத் தட்டியிருந்தால்? நாலு ட்ரே முந்திரியோடு போயிற்றே என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி வைத்தியம். ஓவனைப் பற்றவைத்துவிட்டு, கீழே பைலட் தெரிகிற ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே உட்காருங்கள். அணைகிற நேரத்தில் எது முதலில் போகிறது என்பதுதான் கேள்வி. பைலட் தீ நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே "டக்" என்று சத்தம் கேட்டு கேஸ் அடைபட்டால் கோளாறு தெர்மோகப்பிளிலோ, அதன் இணைப்பிலோ, காந்தத்திலோ இருக்கிறது. முதலில் பைலட் தீ சிறுத்து, நுனியை விட்டு விலகி, அப்புறம் "டக்" என்றால் தெர்மோகப்பிள் சரியாகத்தான் வேலை செய்கிறது. கேஸ் வரத்திலோ காற்றிலோ கோளாறு.

பார்த்துச் சொல்லுங்க. அதுவரை புதுசு எதுவும் வாங்க வேண்டாம்.

மெஸ் அக்கா | புதன் காலை 5.40

தம்பி, மதுரையில் மெஸ் வைத்திருக்கிறேன். அடுப்பு மஞ்சளாக எரிவதற்கு ஒரு காரணம் சொல்கிறேன், யாரும் நினைக்காத இடம்.

பொங்கலுக்குப் பத்து நாள் மெஸ்ஸைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்தோம். நடு பர்னரைப் பற்றவைத்தால் தீ மேலே வரவில்லை. கீழே காற்று போகிற வாய் இருக்கிறதே, அங்கே குபீரென்று எரிந்தது. பயந்து அடைத்துவிட்டேன். கழற்றிப் பார்த்தால் பர்னருக்குப் போகிற குழாய்க்குள் குளவி மண்கூடு. விரல் தண்டிக்கு, உள்ளே புழுவோடு. கேஸும் காற்றும் கலந்து மேலே போக வழியில்லாமல் வந்த வழியே வெளியே எரிந்திருக்கிறது. பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷை விட்டுத் தள்ளி எடுத்தோம். அன்றையிலிருந்து பூட்டு போடும்போது அந்த வாயில் எல்லாம் துணி சுற்றி வைப்பேன். திறக்கிற அன்று துணியை எடுத்தாயிற்றா என்று முதலில் எண்ணிப் பார்ப்பேன்.

தினசரி வேலையையும் சொல்கிறேன். ரசமும் பாலும் பொங்கி வழிந்து பர்னர் ஓட்டையில் போய் வெந்து கல்லாகிவிடும். ராத்திரி கடைசிப் பாத்திரம் இறங்கி பர்னர் ஆறியதும் தலையைக் கழற்றி, வெந்நீரில் சோடா உப்பு போட்டு ஊற வைப்போம். காலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கவிழ்த்துத் தட்டி, ஈரம் போக வெயிலிலோ அடுப்பு ஓரத்திலோ காய வைத்துத்தான் மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் பாதி ஓட்டையில் தீ வராது. திரும்ப மாட்டும்போது தலை ஆடாமல் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் திருப்பிப் பாருங்கள். கோணலாக உட்கார்ந்தால் ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் நாக்கு நீட்டும்.

மஞ்சள் தீயைப் பாத்திரத்துக் கரியாக மட்டும் பார்க்காதீர்கள் தம்பி. எங்கள் மாஸ்டருக்கு தினமும் பதினோரு மணி ஆனால் தலைவலி. டீ, மாத்திரை என்று ஓட்டிக்கொண்டிருந்தார். புகைபோக்கியில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்து, அடுப்பும் மஞ்சளாக எரிந்து, அந்த விஷக்காற்று முழுக்க அவர் மூக்குக்குத்தான் போயிருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. புகைபோக்கியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, எதிர்ச்சுவரில் ஜன்னல் திறந்த வாரத்திலேயே தலைவலி நின்றுவிட்டது.

அம்பத்தூர் கேன்டீன் | புதன் காலை 9.15

இடையில் ஒரு கேள்வி. எங்கள் தொழிற்பேட்டைக்குக் குழாய் கேஸ் வரப்போகிறது. இப்போது இருக்கிற எல்பிஜி அடுப்பையே அதில் மாட்டிக்கொள்ளலாமா? ஜெட்டில் கொஞ்சம் பெரிய துளை போட்டால் போதும் என்கிறார்கள்.

கோவை ஸ்பேனர் | புதன் காலை 9.50

போதாதுங்க. குழாயில் வருவது மீத்தேன். எல்பிஜியைவிட லேசு, அதே கன அளவுக்கு வெப்பமும் பாதிக்கும் குறைவு. அழுத்தமும் வேறு, எல்பிஜி அடுப்புக்கு 30 மில்லிபார் என்றால் குழாய் கேஸுக்கு 21. ஜெட் பெரிசாக வேண்டும் என்பது நிஜம், ஆனால் துளைபோடும் மெஷினை வைத்து அல்ல. அளவு குறித்த ஜெட்டை வாங்கி மாற்றி, காற்று வாயைத் திரும்ப சரிசெய்து, ஓவனாக இருந்தால் பைலட் ஜெட்டையும் தெர்மோஸ்டாட்டின் (சூட்டை நிலையாக வைக்கிற வால்வு) சிறு தீயையும் திரும்ப வைக்க வேண்டும். இணைப்பு கொடுக்கிற நிறுவனத்தின் ஆளையே செய்யச் சொல்லுங்க. தனி இழை போட்டால் விவரமாக எழுதுகிறேன்.

மெஸ் அக்கா சொன்ன குளவிக்கூடு ரொம்பச் சரி. நானும் எத்தனையோ எடுத்திருக்கிறேன்.

தேரிமணல் | புதன் இரவு 9.30

இன்று விடிகாலை நாலு மணிக்கு ஓவன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். கோவை அண்ணன் சொன்னபடியே பைலட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

4.10க்குப் பற்றவைத்தேன். பைலட் தீ நீலமாக, தெர்மோகப்பிள் நுனியை முழுசாக மூடி நின்றது. 4.35க்குப் பையன் வந்து பாலுக்கும் மசாலாவுக்கும் முன் அடுப்பில் மூன்று பர்னரையும் வைத்தான். வைத்த உடனேயே பைலட் கொஞ்சம் குட்டையானது, கண்ணால் பார்த்தேன். பத்து நிமிஷம் போனதும் இன்னும் சிறுத்தது. தீயின் முனை தெர்மோகப்பிளை நக்கிக்கொண்டிருந்தது, மூடவில்லை. 4.50க்கு "டக்". மேல் டெக் அணையவில்லை, ஆனால் அதிலும் தீ குறைந்திருந்தது.

பின்கட்டுக்குப் போய் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தால் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு குளிர். கீழ்ப்பாதியில் வெள்ளையாக ஐஸ் பூத்திருக்கிறது. 19 கிலோ சிலிண்டர் ஒன்றுதான். அதில் ஒரு ரெகுலேட்டர், அங்கிருந்து குழாய் பிரிந்து ஓவனுக்கும் அடுப்புக்கும் போகிறது. கேஸ் தீரவில்லை, ஆட்டிப் பார்த்தால் பாதிக்குமேல் இருக்கிறது.

மெஸ் அக்கா, குழாயைக் கழற்றிப் பார்த்தேன், குளவி இல்லை. கொஞ்சம் மாவுத் தூசி இருந்தது, துடைத்தேன்.

மெஸ் அக்கா | புதன் இரவு 9.55

ஐஸ் பிடித்தால் நாங்கள் சிலிண்டரை வெந்நீர் அண்டாவில் வைப்போம் தம்பி, உடனே வேகம் வந்துவிடும். கடைசிக் கேஸுக்குச் சாய்த்தும் போடுவோம்.

சிலிண்டர் ரூம் | புதன் இரவு 10.10

அக்கா, மன்னிக்கணும், அந்த இரண்டையும் இன்றோடு விட்டுவிடுங்கள். நான் கேஸ் குடோனில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

சாய்த்துப் போட்டால் ஆவி வரவேண்டிய வாயில் திரவம் வரும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 250 லிட்டர் ஆவியாகும். ரெகுலேட்டரைத் தாண்டி அது பர்னருக்கு வந்தால் தீ முகத்தளவு எழும்பும். வெந்நீரில் வைத்தால் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. நனைந்து நனைந்து அடி வளையமும் துருப்பிடிக்கும்.

ஐஸ் ஏன் பிடிக்கிறது என்றால், உள்ளே திரவம் கொதித்து ஆவியாக வெப்பம் வேண்டும். அதைச் சிலிண்டரின் இரும்பிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் எடுக்கிறது. நாம் இழுக்கிற வேகத்துக்குக் காற்று சூடு கொடுக்க முடியவில்லை என்றால் திரவமே குளிர்ந்துபோகும், அழுத்தம் விழும். திரவம் குறையக் குறைய நனைந்திருக்கிற இரும்பும் குறைவு, அதனால் பாதி சிலிண்டருக்குக் கீழே சீக்கிரம் ஐஸ் பிடிக்கும். ஒரு சிலிண்டரால் கொடுக்க முடிவதைவிட அதிகம் இழுக்கிறீர்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். மருந்து, இன்னொரு சிலிண்டரைச் சேர்த்து இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுப்பது.

விதியையும் சொல்லிவிடுகிறேன். உரிமம் இல்லாமல் 100 கிலோ எல்பிஜி வரைதான் வைத்திருக்கலாம். 19 கிலோவில் ஐந்து என்றால் 95. காலிச் சிலிண்டரோடு நிறைந்ததையும் குவித்து ஆறு ஏழு என்று வைக்கிற கடைகள் இதைக் கவனிக்க வேண்டும். சிவப்பு வீட்டுச் சிலிண்டரை அவசரத்துக்குக்கூட கடையில் மாட்டாதீர்கள், அது சட்டப்படி குற்றம். சிலிண்டர் வாங்கும்போது கழுத்துப் பட்டையில் எழுத்தும் எண்ணும் பாருங்கள். ஏ, பி, சி, டி என்பது வருஷத்தின் நாலு காலாண்டு. பி-27 என்றால் 2027 ஜூனோடு அதைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். நாள் தாண்டியதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மெஸ் அக்கா | புதன் இரவு 10.25

சரிங்க ஐயா. சாய்த்துப் போடுவது தப்பு என்று தெரியும், ஆனால் இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்று செய்துகொண்டிருந்தோம். நாளையிலிருந்து கிடையாது.

யாழ்ப்போறணை | வியாழன் காலை 6.30

வணக்கம் அண்ணை. நான் யாழ்ப்பாணத்தில் பாணும் பணிசும் (உங்கள் பிரெட்டும் பன்னும்) போடுகிறவன். விறகுப் போறணையில் (ஓவனில்) தொடங்கி, இப்போது காஸ் போறணை.

சிலிண்டர் அழுத்தம் பற்றிக் கதைப்பதால் எங்கள் அனுபவத்தையும் எழுதலாம் என்று வந்தேன். 2021 நவம்பர், டிசம்பரில் இங்கே நாடு முழுக்க வீட்டுக் குசினிகளில் அடுத்தடுத்து வெடிப்புகள் நடந்தன. ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் கலவையை மாற்றியதுதான் பிரதான காரணம் என்று அந்தக் குழு சொன்னது. முன்பு புரொப்பேன் 20, பியூட்டேன் 80 என்று இருந்ததை பாதிக்குப் பாதி ஆக்கியிருந்தார்கள். பியூட்டேன் கொதிப்பது பூச்சியத்துக்குப் பக்கத்தில், புரொப்பேன் கொதிப்பது மைனஸ் 42 பாகையில். புரொப்பேன் கூடினால் அழுத்தமும் கூடும். பழைய ரெகுலேட்டரும் விரிசல் விட்ட ஹோசும் அதற்குத் தாங்கவில்லை. அந்த மாதங்களில் நாங்கள் பயத்தில் திரும்ப விறகுக்கே போனோம். அதிலிருந்து ஹோசையும் ரெகுலேட்டரையும் "இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்று விடுவதில்லை, தேதி குறித்து மாற்றுகிறேன். எலி கடித்த ஹோஸ் ஒன்றையும் அப்படித்தான் கண்டுபிடித்தேன், சுவரோரம் படுத்திருந்த பக்கத்தில் நாலு பல்லுக்குறி.

தேரிமணல் அண்ணை, நீங்கள் மக்ரூன் போடுகிறவர் என்றதால் கேட்கிறேன். உங்கள் போறணை சிறு சூட்டில் நிலையாக நிற்கிறதா? எங்களுக்குப் பாண் 220 பாகையில் என்பதால் அந்தப் பிரச்சினை குறைவு.

கோவை ஸ்பேனர் | வியாழன் காலை 10.40

தேரிமணல் அண்ணா, நீங்க முக்காலி போட்டு உட்கார்ந்த நாற்பது நிமிஷத்தில் முக்கால் வைத்தியம் முடிந்துவிட்டது. உங்க இரண்டு தொல்லையும் ஒரே தொல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

ஜெட்டை ஊசி விட்டுக் குத்தியதாக எழுதியிருந்தீங்க. ஜெட் பித்தளை, ஊசி எஃகு. ஒவ்வொரு தடவை குத்தும்போதும் துளை கொஞ்சம் கொஞ்சமாக விரியும், வாயும் கோணலாகும். 0.90 மில்லிமீட்டர் துளை 1.00 ஆகிவிட்டால் பார்வைக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் துளையின் பரப்பு விட்டத்தின் இருமடிக்குப் போகிறது, ஆகவே கேஸ் 23 சதவீதம் கூடுதலாகப் போகும். காற்று வாய் அதே அளவுதான். கேஸ் கூடிக் காற்று போதாமல் போனால் மஞ்சள் தீ, கரி.

கூடுதல் கேஸ் இழுப்பதால் சிலிண்டர் சீக்கிரம் குளிர்கிறது, அழுத்தம் விழுகிறது. ஜெட்டிலிருந்து கேஸ் பாய்கிற வேகம்தான் பக்கத்துக் காற்றை உள்ளே இழுத்துப் போகிறது. அழுத்தம் விழுந்தால் அந்த இழுப்பும் குறையும், இன்னும் மஞ்சள். அதே நேரம் ஓவன் பைலட் சிறுத்து தெர்மோகப்பிள் ஆறி, வால்வு அடைக்கிறது. உங்க தெர்மோகப்பிள் ஒரு மாதமாக உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது அண்ணா.

ஊகத்தில் விடாமல் அளந்துவிடலாம். ஒரு மீட்டருக்குமேல் தெளிவான பிளாஸ்டிக் குழாய் வாங்கி, பலகையில் "ப" வடிவத்தில் வளைத்துக் கட்டி, பாதிவரை தண்ணீர் ஊற்றுங்க. பக்கத்தில் ஒரு ஸ்கேல். ஓவனின் கேஸ் குழாயில் அழுத்தம் பார்ப்பதற்கென்று ஒரு சின்ன முனை இருக்கும், அதன் நடுவில் திருகாணி. மெயினை அடைத்து, எல்லாத் தீயும் அணைந்திருக்கும்போது திருகாணியைத் தளர்த்தி, குழாயின் ஒரு முனையை இறுக்கமாக மாட்டி, மெதுவாகத் திறந்தால் தண்ணீர் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறும். இரண்டு மட்டத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசம் 30 சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ 30 மில்லிபார். மீட்டர் வாங்க வேண்டியதில்லை, நான் இன்றும் இதைத்தான் பையில் வைத்திருக்கிறேன். பழக்கம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்க. முடிந்ததும் திருகாணியை இறுக்கி சோப்புத் தண்ணீர் வைத்துப் பாருங்க.

முதலில் ஓவன் மட்டும் எரியும்போது அளவு, பிறகு எல்லாம் எரியும்போது அளவு. அதோடு சிலிண்டரைத் தராசில் வைத்து ஒரு மணி நேரத்தில் எவ்வளவு எடை குறைகிறது என்றும் குறிங்க. 19 கிலோ சிலிண்டர் ஒன்றிலிருந்து தொடர்ந்து மணிக்கு அரை முதல் முக்கால் கிலோவுக்குமேல் நான் எதிர்பார்ப்பதில்லை.

தேரிமணல் | வெள்ளி இரவு 8.45

அளந்துவிட்டேன். எங்கள் ஊர் ஐடிஐ வாத்தியார் ஒருவர் கூட வந்து உதவினார்.

ஓவன் மட்டும்: 29 சென்டிமீட்டர். அடுப்பையும் வைத்த உடனே: 24. முக்கால் மணி கழித்து: 16. அந்த 16க்கு வருவதற்குள் கீழ் டெக் அணைந்துவிட்டது. தராசில் ஒரு மணி நேரத்துக்கு 1 கிலோ 900 கிராம் குறைந்திருக்கிறது.

மூன்று ஜெட்டையும் கழற்றினோம். தலையில் 90 என்று குத்தியிருக்கிறது. வாத்தியார் 1 மில்லிமீட்டர் துளைபோடும் பிட்டின் தண்டை விட்டுப் பார்த்தார். நான் ஊசி விட்ட இரண்டிலும் சாவகாசமாகப் போய் வந்தது. ஊசி விடாத மூன்றாவதில் நுழையவே இல்லை. அந்த மூன்றாவது பர்னர்தான் நீலமாக எரிகிறது. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே முடியவில்லை. நல்லது செய்கிறேன் என்று நினைத்து வாரம் ஒரு தடவை குத்தியிருக்கிறேன்.

கோவை ஸ்பேனர் | வெள்ளி இரவு 9.20

இது நீங்க மட்டும் செய்தது இல்லண்ணா, தமிழ்நாட்டில் பாதி அடுப்படியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஊசி தொங்கிக்கொண்டிருக்கும். ஜெட் அடைத்தால் கழற்றி, மண்ணெண்ணெயிலோ தின்னரிலோ ஊறவைத்து, காற்று அடித்து ஊதுங்க. போகாவிட்டால் மென்மையான செம்புக் கம்பியில் ஒரு இழை. அதுவும் ஆகாவிட்டால் புது ஜெட், சின்ன விலைதான்.

இப்போது செய்ய வேண்டியவை. 90 ஜெட் இரண்டு புதுசு. சிலிண்டர் இடத்தை வெளியே காற்றோட்டமாக வைத்து, இரண்டு சிலிண்டரையும் ஒரே நேரத்தில் இணைக்கிற குழாய். ஒவ்வொரு இணைப்பிலும் திரும்பி ஓடாத வால்வு. உங்க மொத்த இழுப்புக்குத் தாங்குகிற ரெகுலேட்டர். இந்த வேலையை உங்க கேஸ் ஏஜென்சி மூலமாக உரிமம் உள்ள ஆளிடம் கொடுங்க, இதில் மட்டும் காசு பார்க்க வேண்டாம்.

வேலை எடுத்த கையோடு நாப் வால்வுகளையும் கிரீஸ் போடச் சொல்லுங்க. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும், ஏன் என்றால் கசிவு அதிகம் பார்க்கிற இடம் இது. நாப் இறுக்கமாகிவிட்டால் பையன்கள் தேங்காய் எண்ணெய் விடுவார்கள், இரண்டு நாள் வழுக்கும், அப்புறம் வெந்து பசையாகிவிடும். வால்வுக்குள் கூம்பு மாதிரி ஒரு பித்தளைக் கட்டை இருக்கும், கூட்டோடு சேர்த்துத் தேய்த்துப் பொருத்தியது. மூன்று வால்வைக் கழற்றினால் மூன்று கட்டையையும் கலந்துவிடக் கூடாது. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் இதன் கட்டை அதில் உட்காராது, மெல்லக் கசியும். பழைய கிரீஸை முழுக்கத் துடைத்து, சூடு தாங்குகிற கேஸ் கிரீஸை நகத்தில் எடுக்கிற அளவு, துளைக்கு மேலேயும் கீழேயும் மட்டும் தடவி, துளைக்குள் போகாமல் பார்த்துத் திருப்ப வேண்டும். அதிகம் வைத்தால் அதுவே கேஸ் வழியை அடைக்கும்.

தெர்மோகப்பிள் நுனி பைலட் தீக்குள் ஒரு சென்டிமீட்டர் அளவு நிற்க வேண்டும். நுனியில் உள்ள கரியை நைஸ் எமரி தாளால் ஒரு துடைப்பு. வால்வுப் பக்கத்து நட்டை விரலால் முறுக்கி, அப்புறம் ஸ்பேனரில் கால் சுற்று. அதற்குமேல் இறுக்கினால் உள்ளே இருக்கிற தொடுபுள்ளி நசுங்கிவிடும், நல்ல தெர்மோகப்பிளும் செத்துப்போகும். அந்த நட்டில் டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது, மின்சாரம் போகாது.

சிலிண்டர் ரூம் | வெள்ளி இரவு 9.45

வேலை முடிந்ததும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவி ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். குமிழி வளர்ந்தால் கசிவு. பார்த்து முடித்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், சோப்பு பித்தளையில் காய்ந்து நிற்க வேண்டாம். தீக்குச்சி காட்டிப் பார்க்கிற பழக்கம் இன்னும் சில இடத்தில் இருக்கிறது, உங்கள் பையன்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

கேஸ் வாசனை வந்தால் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட ஓடுவார்கள். போடக் கூடாது, எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது, சுவிட்சில் பொறி வரும். சிலிண்டரை அடைத்து, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லாரும் வெளியே வந்து 1906க்கு அழையுங்கள்.

யாழ்ப்போறணை | சனி காலை 7.10

சிறு சூடு பற்றிக் கேட்டேனே அண்ணை, பதில் வரவில்லை.

தேரிமணல் | சனி மாலை 4.00

மன்னிக்கவும், அலைச்சலில் விட்டுவிட்டேன். மக்ரூனுக்கு நான் 120 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்துப் பல மணி நேரம் விடுவேன். வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரித் தூளும் மட்டும்தான். அது வேகிறது என்பதைவிட காய்கிறது என்று சொல்ல வேண்டும். சூடு கூடினால் வெளியே சிவந்து உள்ளே பசையாக நிற்கும், குறைந்தால் உட்கார்ந்துவிடும். முன்பெல்லாம் விறகு அடுப்பில் பிரெட் எடுத்த பிறகு மிச்சச் சூட்டில் ராத்திரி முழுக்க வைப்போம். கேஸ் ஓவனில் நாப்பை 120ல் வைத்தாலும் மேல் டெக்கில் சிவந்துவிடுகிறது. கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து ஒப்பேற்றுகிறேன்.

யாழ்ப்போறணை | சனி இரவு 8.20

அண்ணை, நாப்பில் எழுதியிருக்கிற எண்ணை நம்ப வேண்டாம். தனி ஓவன் வெப்பமானி ஒன்று வாங்கி ட்ரே நிற்கிற நடு இடத்தில் வையுங்கள். அரை மணி போகட்டும், பிறகு கால் மணிக்கு ஒரு தடவையாக நாலு தடவை குறியுங்கள்.

உள்ளே சுவரோடு ஒரு மெல்லிய செம்புக் குழாய் ஓடி, முனையில் பென்சில் அளவு குமிழ் இருக்கும். அதற்குள் இருக்கிற திரவம் சூட்டில் விரிந்துதான் வால்வை மூடுகிறது. எங்கள் பையன் ட்ரே தள்ளும்போது அது மடிந்து வெடித்துத் திரவம் போய்விட்டது. மூடச் சொல்ல ஆளில்லாமல் தீ முழுசாக எரிந்து, அன்றைய பணிஸ் முழுக்கக் கரி. குமிழ் கிளிப்பில் இருக்கிறதா, ட்ரேயில் முட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். அந்தக் குழாயை ஒட்டவைக்க முடியாது, தெர்மோஸ்டாட்டையே மாற்ற வேண்டும்.

கதவு மூடும் இடத்தில் நாலு பக்கமும் ஒரு தாள் துண்டை வைத்து மூடி இழுங்கள். சும்மா வந்துவிட்டால் அந்தப் பக்கம் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

கோவை ஸ்பேனர் | ஞாயிறு காலை 11.30

யாழ் அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. குமிழ் நன்றாக இருந்தும் சிறு சூட்டில் நிற்கவில்லை என்றால் பைபாஸ் திருகாணி. தெர்மோஸ்டாட் மூடியபிறகும் பர்னர் அணையாமல் இருக்க ஒரு சிறு தீ விடும், அந்தச் சிறு தீயின் அளவு அந்தத் திருகாணியில் இருக்கிறது. நாப்பை எடுத்தால் பின்னால் தெரியும். உங்க ஓவன் பழசு, முன்னால் வைத்திருந்தவர் பிரெட்டுக்காகப் பெரிசாக வைத்திருப்பார். அந்தச் சிறு தீயே 120ஐத் தாண்டிச் சூடு கொடுத்தால் நாப்பை எங்கே வைத்தாலும் பயனில்லை.

ஓவன் நன்றாகச் சூடானபிறகு நாப்பைக் குறைந்த எண்ணில் வைத்து, திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாக உள்ளே திருப்பி, தீயைப் பாருங்க. பர்னரின் எல்லா ஓட்டையிலும் சின்ன நீல மொட்டு மாதிரி நிற்க வேண்டும். பிறகு கதவை நாலு தடவை வேகமாகத் திறந்து மூடுங்க. அணைந்தால் அளவு போதாது, கொஞ்சம் வெளியே எடுங்க. இதை அழுத்தம் சரியான பிறகுதான் செய்யணும். இப்போது செய்தால் சிலிண்டர் மாற்றியதும் எல்லாம் மாறிப்போகும்.

தேரிமணல் | மூன்று வாரம் கழித்து, வியாழன் இரவு 9.10

எல்லாருக்கும் விவரம் சொல்ல வேண்டும். ஏஜென்சி மூலம் ஆள் வந்து, பின்சுவருக்கு வெளியே கம்பிக் கூண்டு கட்டி, பக்கத்துக்கு இரண்டு வீதம் நாலு சிலிண்டர் நிற்க இடம் செய்துகொடுத்தார். ஒரே நேரத்தில் ஒரு பக்கத்து இரண்டும் ஓடும். ஜெட் மாற்றியாயிற்று. தண்ணீர்க் குழாயில் இப்போது எல்லாம் எரியும்போதும் 28க்குக் கீழே இறங்கவில்லை. தராசில் மணிக்கு 1 கிலோ 450. பால் சட்டியின் அடி வெள்ளையாக இருக்கிறது. அம்மா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

தெர்மோகப்பிள் பழையதுதான், நுனியைத் துடைத்து மாட்டியதோடு சரி. இந்த மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட அணையவில்லை.

மேல் டெக்கில் வெப்பமானி வைத்துப் பார்த்தேன். நாப்பில் 120, உள்ளே 165. குமிழ் கிளிப்பில்தான் இருந்தது. பைபாஸை மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இப்போது 118க்கும் 126க்கும் நடுவில் நிற்கிறது. கதவை அறைந்து பார்த்தேன், அணையவில்லை. தாள் வைத்துப் பார்த்ததில் இடது பக்கம் சும்மா வந்தது, சீல் கயிறு வாங்க மதுரைக்குச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று ராத்திரி ஆறு ட்ரே மக்ரூன் வைத்தேன், கதவை முழுசாக மூடி. காலையில் எடுத்து ஒன்றை உடைத்தேன். வெளியே பால் வெள்ளை, உள்ளே நூல் நூலாகக் காய்ந்து, அடியில் பாகு இல்லை. மெஸ் அக்கா, முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், ஒரு டப்பா அனுப்புகிறேன். கோவை அண்ணனுக்கும், சிலிண்டர் ரூம் ஐயாவுக்கும், யாழ் அண்ணனுக்கும் எப்படி அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மெஸ் அக்கா | வியாழன் இரவு 9.40

ரொம்ப சந்தோஷம் தம்பி. சீல் கயிறு வாங்க நீங்கள் வர வேண்டாம், எங்கள் மெஸ்ஸிலிருந்து அந்தக் கடை பக்கம்தான். தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் சொல்லுங்கள், நாளைக்கே பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.

தேரிமணல் | வியாழன் இரவு 9.52

10 மில்லிமீட்டர் அக்கா. மூன்று மீட்டர் போதும்.